ஈரம் காயும் நாட்கள்: கூரத்து வெளிச்சத்தில் எண்ணெய் ஓவியம்

எண்ணெய் ஓவியம் பற்றிய ஐரோப்பியக் கையேடு எதைப் புரட்டினாலும் முதல் அறிவுரை ஒன்றாகத்தான் இருக்கும்: ஓவியக்கூடத்துக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது பொருந்தும். அங்கே வெயில் தெற்கு வானத்திலேயே பெரும்பாலும் நடமாடுவதால், வடக்கு ஜன்னல் வழியே நாள் முழுக்க நிறம் மாறாத வெளிச்சம் கிடைக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் அதை அப்படியே நம்பி ஜன்னல் வைத்தால், சித்திரை பிறந்த சில நாட்களில் கேன்வாஸைத் தாங்கும் ஈசலின் மேலேயே வெயில் விழும்.

காரணம் எளியது. காஞ்சிபுரம் வட்டாரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும்; ஜூன் 21 அன்று அந்தச் சாய்வு சுமார் 10.6 பாகை. நண்பகல் வெயிலை ஜன்னல் மேல் சன்ஷேடு தடுத்துவிடும். தொல்லை தருவது காலையும் மாலையும்தான். அப்போது தாழ்வான கதிர் பக்கவாட்டில் நுழைந்து, கேன்வாஸில் பாதியை மஞ்சளாகவும் மீதியை நீலமாகவும் காட்டும். அந்த வெளிச்சத்தில் கலந்த வண்ணத்தை மறுநாள் பார்த்தால் வேறொருவர் கலந்ததுபோல் இருக்கும்.

ஜன்னலின் கிழக்கு, மேற்கு ஓரங்களில் வெளிப்பக்கமாக முக்கால் அடி, ஒரு அடி அகலத்தில் நிமிர்ந்த பலகை பொருத்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு வெள்ளை மல்துணித் திரை போதும். வலக்கைக்காரர் ஜன்னல் தன் இடப்பக்கம் வருமாறு ஈசலை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரிகையின் நிழலே கோட்டை மறைக்கும். இரவு வேலைக்கு 5000 கெல்வின் நிறமுள்ள, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்கு நல்லது. இந்த எண்கள் பெரும்பாலும் டப்பாவில் அச்சிட்டிருக்கும், கடையில் கேட்டுப் பார்த்து வாங்கலாம்.

சுவரையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் கிளிப்பச்சையும் ரோஸும் ஆசையாக அடித்திருப்பார்கள். வாழ அழகான நிறங்கள். ஆனால் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கலக்கும் சதை நிறம் சிவப்பேறிப் போகும். ஓவியர் தன்னை அறியாமலே பச்சையை ஈடுகட்டிக்கொண்டிருப்பார். ஈசலுக்கு எதிர்ச்சுவரையும் பக்கச் சுவரையும் வெளிறிய சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுவது, விலை உயர்ந்த தூரிகை வாங்குவதைவிடப் பயன் தரும்.

வெளிச்சம் அமைந்தபின் கண்ணுக்குப் பாடம் வேண்டும்; அதற்கும் கூரம் நல்ல இடம். முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு சிவன் கோயில் எடுத்து, பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அவன் மகன் ராஜசிம்மன் காஞ்சியில் கட்டிய கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்றின் சிற்றாலயங்களுக்குள், பல்லவர் ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன. 1931இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இந்த வட்டாரத்தில் ஓவியம் பயில்பவருக்கு இதைவிட அருகில் ஒரு பாடசாலை கிடையாது. நிறம் உதிர்ந்த இடங்களில் அடிக்கோடு தெரியும். கையின் வளைவு, தோளின் சரிவு எல்லாம் வண்ணம் வருமுன்பே முடிவாகிவிட்டிருப்பது கண்ணுக்குப் புலப்படும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கோடுகளை வரைந்து பழகுவது, எண்ணெய் ட்யூபைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

அதே 7ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் உலரும் எண்ணெய் கலந்த வண்ணத்தால் சுவரோவியம் தீட்டியிருக்கிறார்கள் என்று 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எண்ணெய் ஓவியம் ஐரோப்பாவுக்கு மட்டுமே உரிய கலை என்ற தயக்கம் உள்ள இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

இனி கேன்வாஸ். கடையில் கிடைக்கும் தயார் கேன்வாஸ் பழகுவதற்குப் போதும். படம் நிலைக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கியதும் சட்டத்தைத் தானே செய்துகொள்வது நல்லது. ஈரம் நீங்கிய மரம் வேண்டும். பச்சை மரத்தில் சட்டம் போட்டால் ஒரு கோடைக்குள் முறுக்கிக்கொள்ளும். துணியின்மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோவை மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் குறுக்காக அடுத்ததைப் பூசி, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் எண்ணெய் நேராக நூலில் இறங்கி, காலப்போக்கில் துணியை அரித்துவிடும். தறியில் உட்காருமுன் பாவு ஓட்டிச் சரிபார்ப்பவர்கள் வாழும் மண்ணில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வண்ணம் வாங்கும்போது பெயரை நம்பாமல் ட்யூபின் முதுகில் உள்ள நிறமிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி.டபிள்யூ.6 என்றால் டைட்டானியம் வெள்ளை. பி.டபிள்யூ.4 என்றால் துத்தநாக வெள்ளை. பார்க்கத் தூய்மையாக இருந்தாலும் நாளடைவில் அதன் படலம் நொறுங்கும் தன்மை பெறும், அடிப்பூச்சுக்கு ஆகவே ஆகாது. பி.ஆர்.83 என்ற அலிசரின் கிரிம்சன் அழகான அரக்குச் சிவப்பு, ஆனால் மெல்லிய பூச்சில் வெளுத்துப்போகும். தொடங்குபவருக்கு ஐந்து ட்யூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம். ஓராண்டு இந்த ஐந்தோடு நின்றவருக்கு வண்ணக் கலப்பு கைவந்துவிடும். இருபது ட்யூபோடு தொடங்கியவர் பெரும்பாலும் எந்த ட்யூபில் எந்த நிறம் என்பதை மட்டுமே கற்கிறார்.

எண்ணெய் ஓவியத்தின் உயிர்நிலை அது காயும் விதத்தில் இருக்கிறது. நீர்வண்ணத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகும், வண்ணம் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மெல்ல மெல்லத் திடப்படலமாக மாறுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள். உள்ளே முழுக்க இறுக மாதங்கள், தடித்த பூச்சென்றால் ஆண்டுகள்கூட ஆகும். நிறமிக்கு நிறமி வேகமும் மாறும். மாங்கனீசு கலந்த அம்பர் மண்நிறங்கள் ஓரிரு நாளில் காயும். டைட்டானியம் வெள்ளை, ஐவரி பிளாக், கேட்மியம் சிவப்பு எல்லாம் ஒரு வாரத்துக்குமேல் இழுக்கும். காஞ்சிபுரத்து மே மாத வெக்கையில் இது துரிதமாகும், ஐப்பசி அடைமழையில் தாமதமாகும்.

இதிலிருந்து பிறப்பதே எண்ணெய் ஓவியத்தின் முதல் விதி: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. முதல் பூச்சை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து மெல்லியதாக இட வேண்டும். இரண்டாவதில் ட்யூபில் வந்தபடியே வண்ணம். மூன்றாவதில் சில துளி ஆளிவிதை எண்ணெய். தலைகீழாகச் செய்தால் மேல்தோல் காய்ந்து இறுகிய பிறகும் அடியில் எண்ணெய் அசைந்துகொண்டிருக்கும், மேல்தோல் வெடிக்கும். வேகமாகக் காயும் அம்பரை அடியிலும் மெதுவாகக் காயும் நிறங்களை மேலேயும் வைக்கும் பழக்கமும் இதே காரணத்தால் வந்ததுதான்.

காஞ்சிபுரத்துக்காரர் இந்த விதியைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான பொருள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைத் தேர்ந்தெடுக்கட்டும். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு திரும்பும் திசைக்கேற்ப ஒரு நிறம் முன்வந்து மற்றது பின்வாங்கும். நீலத்தையும் பச்சையையும் பேலட்டில் கலந்து பூசினால் கிடைப்பது செத்த நிறம், பட்டு அல்ல.

செய்முறை இப்படி. முதல் நாள் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து, மடிப்புகளை ஒளியும் நிழலுமாக மட்டும் எழுத வேண்டும். நிறத்தைப் பற்றிய கவலையே கூடாது. அது காய்ந்ததும் ஒளிபடும் இடங்களில் வெள்ளை கலந்த பச்சையையும் நிழலில் ஆழ்ந்த பச்சையையும் இட்டு, ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட வேண்டும். விரல் வைத்தால் ஒட்டக்கூடாது. பிறகு அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, அடியிலுள்ள பச்சை ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் தடவி, உடனே பழைய பருத்தித் துணியால் மடிப்பின் முகடுகளில் மட்டும் துடைத்தெடுக்க வேண்டும். முகட்டில் பச்சை திரும்ப எட்டிப் பார்க்கும், பள்ளத்தில் நீலம் தங்கும். கடைசியாகத் தடித்த வண்ணத்தில் ஓரிரு ஒளிப்புள்ளிகள். அதோடு தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஜரிகையில் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஜரிகை மஞ்சள் என்று மனம் சொல்லும். கண் கூர்ந்து பார்த்தால் அதன் பெரும்பரப்பு மங்கிய காவிப் பழுப்பு. ஒளி நேராகப் படும் நாலைந்து இடங்களில் மட்டும் வெளிறிய எலுமிச்சை நிறம் பளீரென்று அடிக்கும். பழுப்பைப் பழுப்பாக விடும் துணிச்சல் வந்தவருக்குத்தான் ஜரிகை மின்னும்.

பட்டிலிருந்து தோலுக்கு வருவோம். பாடப்புத்தகங்களில் சதை நிறம் என்றால் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளும் கலந்த இளஞ்சிவப்புதான். அந்தக் கலவையில் கறுப்பு சேர்த்துத் தமிழ் முகத்தை வரையப் போனால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். நம் மக்களின் தோலுக்குத் தொடக்கம் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும். இரண்டும் ஒளி ஊடுருவும் நிறங்கள், சேர்ந்தால் ஆழமான, உயிருள்ள பழுப்பு. கரிய தோலில் ஒளிப்புள்ளி கூர்மையாகவும் சற்றே குளிர்ந்தும் இருக்கும். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வானத்தின் நீலம் தெரியும். நிழலோ வெதுவெதுப்பானது, செம்மண் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடைக்கு அடியில் தீற்றலாக நிற்கும்.

இதை எண்ணெயில் சாதித்துக் காட்டியவர் எஸ். இளையராஜா. கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலைச் சேர்ந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். ஆனந்த விகடன் கதைகளுக்கு வரைந்த படங்களால் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். பழைய ஓட்டு வீட்டு நிலைப்படியில், சமையற்கட்டில், கதவிடுக்கின் வெளிச்சத்தில் நிற்கும் மாநிறப் பெண்கள்தான் அவர் உலகம். அவர் ஓவியங்களைப் புகைப்படம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் ஏராளம். பயில்பவர் வியப்போடு நின்றுவிடாமல், அந்தப் படங்களில் வெளிச்சம் எத்தனை இடத்தில் இருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே வாசல், ஒரே திசை. அறையின் பெரும்பகுதியை இருட்டுக்கு விட்டுக்கொடுத்திருப்பார். முகத்தில் விழும் கொஞ்ச வெளிச்சத்துக்கு அத்தனை மதிப்பு வருவது அதனால்தான். 2021 ஜூன் 6 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. இன்னும் எத்தனையோ ஆண்டுகள் வரைந்திருக்க வேண்டிய கை அது.

பட்டுப்புடவையில் பார்த்ததுபோல் பூச்சுக்குப் பூச்சு காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரே ஒரு கேன்வாஸை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணெய் ஓவியர் வேலை செய்ய முடியாது. முடியும் என்று நினைப்பவர் ஈரத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கை வைத்து, நேற்று நன்றாக இருந்ததையும் சேறாக்கிவிடுகிறார். வெவ்வேறு கட்டத்தில் மூன்று, நான்கு படங்கள் எப்போதும் இருக்க வேண்டும்: ஒன்று அம்பர் நிலையில், ஒன்று காய்ந்துகொண்டு, ஒன்று முடிவை நெருங்கி. 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் டிஷியன், படத்தின் அடித்தளத்தைப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்கில் வைத்துவிடுவாராம். பிறகு திருப்பி, எதிரியைப் பார்ப்பதுபோல் குறை தேடிப் பார்த்துத்தான் மறுபடி தொடுவார் என்று அவரிடம் வேலை பார்த்த பால்மா ஜோவனே சொன்னதாகக் குறிப்பு உண்டு. இருட்டில் வைத்த எண்ணெய் சற்று மஞ்சளேறும். மறுபடி வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு திரும்பிவிடும், பயப்பட வேண்டியதில்லை.

அந்தக் காத்திருக்கும் நாட்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் ஓவியரின் வளர்ச்சி இருக்கிறது. கே.எம். ஆதிமூலத்தின் வாழ்க்கையைப் பார்க்கலாம். 1938இல் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டுக்காகக் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமாகப் பல ஆண்டுகள் கோட்டிலேயே உழன்றவர் அவர்; கி. ராஜநாராயணனின் எழுத்துக்கும் சிறுபத்திரிகை அட்டைகளுக்கும் அந்தக் கோடு முகமாயிற்று. பிறகுதான் எண்ணெய் வண்ணத்தில் உருவமற்ற பெரிய பரப்புகளுக்குள் போனார். கோட்டை விட்டுவிட்டார் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. ஆனால் அவருடைய வண்ணப் பரப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். எங்கே கூர்மையாக வெட்ட வேண்டும், எங்கே கரைய விட வேண்டும் என்பதைக் கோடு வரைந்த கைதான் தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு பாடம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை. கோவையில் 1911இல் பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். தாமதமாகிவிட்டது என்று தயங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய வயது. நிலக்காட்சிகளில் பெயர் பெற்று, 1950களில் ஐரோப்பா சென்று வந்து, தான் படித்த பள்ளிக்கே முதல்வராகி, 1963 வாக்கில் எழுத்தும் கட்டமும் குறியுமாக ‘சொற்களும் குறிகளும்’ வரிசையைத் தொடங்கும்போது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. அவ்வப்போது பாணியை மாற்றிப் பார்த்தவர் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு வரிசையில் தீராத கேள்வியை அடுத்ததற்கு எடுத்துச் சென்றவர்.

ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற குறைக்கு ரவி வர்மாவைச் சொல்லலாம். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த மதுரை ராமசாமி நாயக்கர் சிறுவனுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததும், சொந்தமாகச் செய்து பார்த்ததும்தான் பாடம். 1873இல் வியன்னா கண்காட்சியில் அவர் ஓவியம் பதக்கம் வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்பில் அவருடைய மூலப்படங்கள் இருக்கின்றன. காலண்டரில் பார்த்துப் பழகியவர் மூலப்படத்தின் முன் நிற்கும்போது, நேரே நின்று பார்த்தபின் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். நகையின் ஒளிப்புள்ளி மேடிட்டு நிற்பதும் நிழல் தட்டையாகப் படிந்திருப்பதும் அச்சில் வராது.

மாதம் ஒருமுறை செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. ஜெஸ்ஸோ பூசிய சின்ன அட்டையில், ஒரே பொருளை, பித்தளைச் செம்பு என்று வைத்துக்கொள்வோம், காலை ஒன்று, நண்பகல் ஒன்று, மாலை ஒன்று என மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் தீட்ட வேண்டும். விற்பதற்கல்ல, மாட்டுவதற்கும் அல்ல. பின்புறம் தேதி எழுதி அடுக்கிவைத்தால் ஓராண்டு முடிவில் கையின் மாற்றம் கண்முன் வரிசையாக நிற்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டர்பன்டைன் ஆவி தலைவலி தரும். எதிரெதிர் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், டர்பன்டைனை வாய் சிறுத்த பாட்டிலில் ஊற்றி மூடி வைக்கட்டும். கேட்மியம், ஈயம் கலந்த வண்ணம் கையில் இருக்கும்போது எதையும் தின்னக்கூடாது, தூரிகையை உதட்டில் வைத்துக் கூர் பார்க்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது பிறக்கும் சூட்டில் தானாகவே தீப்பற்றும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பட்டு நூல் குவிந்திருக்கும் தெருவில் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் கேன்வாஸ் தொய்யும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டால் பெரும்பாலும் தப்பலாம். தரையில் சாய்த்து வைத்தால் கரையானுக்கு விருந்து. முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு பொறுக்க வேண்டும். கண்காட்சி அவசரம் என்று முன்பே பூசினால் வார்னிஷும் வண்ணமும் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் சுத்தம் செய்ய முடியாமல் போகும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? 1966இல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களை விற்ற பணம்தான் நிலத்துக்கும் அரிசிக்கும் ஆயிற்று. எம். ரெட்டப்ப நாயுடு நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே தன் ஓவியங்களை வரைந்தார். காஞ்சிபுரத்திலும் அந்த மையம் இருக்கிறது. புடவை டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எழுதும் வேலைக்கு வரையத் தெரிந்த கை இன்றும் தேவைப்படுகிறது. பகல் வெளிச்சம் உள்ள முதல் நான்கு மணி நேரத்தைக் கேன்வாஸுக்கு ஒதுக்கிவிட்டு, கிராஃப் வேலையை மாலை விளக்குக்குத் தள்ளிவைப்பது இரண்டுக்கும் நல்லது. பெரிய கேன்வாஸுக்கு வீட்டில் இடம் போதாதபோது, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் ஓவியர்களுக்குக் கூடம் தருகிறது. விண்ணப்பத்தோடு சமீபத்திய படங்களின் தெளிவான புகைப்படங்களும், ஒவ்வொன்றின் அளவும் ஆண்டும் கேட்பார்கள் என்று எண்ணி, ஒவ்வொரு படம் முடிந்த அன்றே அவற்றைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.